நாலாவது வாய்ச் சோறு

முதன்முதலாகக் கரடி சுடப் போகிறவனுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. கருமருந்தை இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வாடை காட்டிக் கொடுத்துவிடும். போகிற நாளைக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய், அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் போடுகிற சோற்றைத் தின்றுவிட்டு வர வேண்டும். முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மூன்றாவதில்தான் பல பேருக்கு வேட்டை ஆசையே விட்டுப்போனது.

ஊர், கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவே மேற்கு மலையை ஒட்டி இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி. சித்திரையில் இலுப்பைப் பூ உதிரத் தொடங்கினால் கரடி அடிவாரத்துக்கு இறங்கும். போகிற வழியில் கடலைக் காட்டையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். கடலையைக் காப்பாற்றத்தான் துப்பாக்கி தூக்குகிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். அதெல்லாம் சும்மா. கரடி சுட்டவன் என்று பெயர் வாங்க வேண்டும், அதற்காகத்தான் போனோம். நானும் அதற்காகத்தான் போனேன்.

அவளைப் பற்றிச் சொல்கிறேன். இடது கண் கிடையாது. மூக்கு இருந்த இடத்தில் இரண்டு துவாரம். மேலுதடு பாதிக்கு மேல் இல்லாததால் பல் எப்போதும் வெளியே தெரியும். கோபத்தில் இருந்தாலும் சிரிக்கிற மாதிரியே இருக்கும். இடது காதும் போய்விட்டது. வலது காது மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் நல்ல வடிவாக இருந்தது. அதில் சிவப்புக் கல் வைத்த ஒற்றைத் தோடு போட்டிருப்பாள். அந்தத் தோட்டைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாம் கரடி செய்தது. நான் சொல்கிற காலத்தில் அவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதுதான். பின்னாலிருந்து பார்த்தால் கல்யாணமாகாத பெண் மாதிரி நடப்பாள். சந்தைக்கு வருகிற வெளியூர்க்காரன் எவனாவது பின்னாலேயே வந்து பாட்டுப் பாடுவான். அவள் நின்று, திரும்புவாள். ஒருத்தன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தான். அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவளும் அவள்தான். கையைப் பிடித்துத் தூக்கும்போது முகத்தை அவன் முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டு போனாளாம். அவன் எங்கள் ஊர்ச் சந்தைக்குப் பிறகு வரவே இல்லை.

உதடு இல்லாதவளுக்குப் பேச்சில் பாதி காற்றாகப் போய்விடும். அவள் சொன்னதை நான் சரிசெய்து எழுதுகிறேன். கேட்டுப் பழகியவனுக்குத்தான் அது புரியும். நான் பழகினேன், பழக வேண்டி வந்தது.

ஊர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நடமாடு என்றார்கள். அவள் மூடமாட்டேன் என்றாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை, சும்மா மூடாமல் இருந்தாள். எல்லாரும் தண்ணீர் எடுத்துப் போன பிறகு கிணற்றடிக்கு வா என்று பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். அவள் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்துக் குடத்தோடு வந்தாள். கல்யாண ஊர்வலம் போனால் முன்வரிசையில் நின்றாள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், அபசகுனம் என்று வண்டியைத் திருப்பப் பார்த்தார்கள். அவள் வண்டிக்குக் கிட்டப் போய் மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்து, "பொண்ணு மொகத்த இன்னைக்கே நல்லாப் பாத்து வச்சுக்கங்க தம்பி, நாளைக்கு எப்படி இருக்கும்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் அழுத அழுகை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சோறு தின்னாத பிள்ளைகளுக்கு அவள் பெயரைச் சொல்லித்தான் பயம் காட்டுவார்கள். "தின்னுரு, இல்லாட்டி கரடிக்காரி வந்துருவா." தெருவில் போகிறவள் காதில் இது விழுந்தால் தீர்ந்தது. நேராக அந்த வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்வாள்.

"கூப்புட்டீகளே ஆத்தா, என்னா விசயம்?"

தாய்க்காரிகளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஒரு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து கும்பாச் சோற்றையும் தின்று முடித்ததாம். "இந்த ஊர்ல வேட்டைக்குப் போகத் தகுதியானவன் இவன் ஒருத்தன்தான்" என்று அவள் சொன்னாள். அது பொம்பளைப் பிள்ளை.

காட்டிலாகாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் போட்டோ பெட்டியோடு ஒரு தடவை வந்தார். கரடி இப்படிச் செய்யும் என்று காட்ட அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. அவள் முதலில் சாப்பிடச் சொன்னாள். துரை சாப்பிட மாட்டார் என்று கூட வந்த ஆள் சொன்னார். "அப்ப பாக்கவும் வேணாம்" என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் முகத்தை மூடி நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். துரை அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, முக்காடு போட்ட ஒரு பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

சோறு தின்கிற முறையை ஆரம்பித்து வைத்தது என் பெரியப்பா. ஊரில் லைசென்ஸ் உள்ள ரெட்டைக்குழல் துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது. ஒரு இளவட்டம் அவரிடம் வந்து கரடி சுடக் கூட்டிப்போகச் சொல்லி ரொம்பப் பீற்றிக்கொண்டதாம். "மொதல்ல அவ மொகத்தப் பாத்துச் சோறு தின்னுட்டு வாலே, பெறகு பாப்போம்" என்று கேலியாகச் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பயல் நிஜமாகவே போய் நின்றான். அவள் ஏன் வந்தாய் என்று கேட்டாள், அவன் உளறிக்கொட்டினான். அவள் கோபப்படவில்லை. சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, "தின்னு" என்றாள். இரண்டாம் வாயில் அவன் எழுந்து ஓடிவிட்டான். மறுநாள் அவள் பெரியப்பா வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "அந்தப் பயலக் கூட்டிட்டுப் போகாதீக. இனிமே மொத மொதலாப் போற ஆளு யாரா இருந்தாலும் எங்கிட்ட அனுப்புங்க. நான் சொன்னா கூட்டிட்டுப் போங்க." பெரியப்பா மறுக்கவில்லை. தான் சிரித்த சிரிப்பு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அப்படித்தான் அவர்களுடைய கேலியை அவள் பிடுங்கி, தன் அதிகாரமாக்கிக் கொண்டாள். பிறகு, சுட்ட கரடியைத் தன் வாசலில் கொண்டுவந்து கிடத்த வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்குத் துப்பாக்கி ஆசை வந்தபோது இருபத்து நாலு வயது. செத்துப்போன அப்பாவுடைய கேப்புத் துப்பாக்கி வீட்டில் கிடந்தது. ஒரு தடவை கெட்டித்தால் ஒரு வெடிதான். என் தங்கச்சியைப் போடிப் பக்கம் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்திரைக்கு விருந்தாக வந்திருந்த மாப்பிள்ளையும் வேட்டைக்கு வருகிறேன் என்றார். அவருக்குத் துப்பாக்கி கிடையாது, வேல்கம்புதான். ஆனாலும் முறை முறைதான் என்று பெரியப்பா இரண்டு பேரையும் அனுப்பி வைத்தார்.

அவள் எங்களை உட்காரவைத்து, கும்பாவில் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரே முழங்கை தூரத்தில் உட்கார்ந்தாள். வெயில் வாசல் வழியாக நேராக அவள் முகத்தில் விழுந்தது. அந்த இடத்தை அவள் அதற்காகவே தேர்ந்தெடுத்திருந்தாள்.

"மொத மூணு வாய் இறங்காது. நாலாவது வாய்க்குச் சோறு சோறாத்தான் இருக்கும். அதுவரைக்கும் கண்ண எடுக்கக் கூடாது. தின்னுங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

சொன்னாள். அவளுக்கே நடந்ததைத்தான் முதலில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு மொத மொதலாக் கரடி சுடப் போனாரு. சாயங்காலம் வந்து ஒண்ணும் ஆப்புடலன்னாரு. சோத்தப் போட்டேன், தின்னாரு. குண்டு பட்டுருக்கு, அது விழுகல. சொன்னா ஊரு சிரிக்கும்னு சொல்லல. விடிஞ்சதும் நான் இலுப்பப் பூ பெறக்கப் போனேன். அந்த ஓடையிலதான் அது படுத்துக் கெடந்துச்சு. ராத்திரி பூரா வலியோட கெடந்துருக்கு பாவம். காயம் பட்டுக் கரடி போயிருச்சுன்னா ஊருக்குள்ள வந்து சத்தம் போட்டுச் சொல்லுங்க. ஊரு சிரிக்கட்டும். சிரிப்புப் பட்டு யாரும் செத்ததில்ல."

"வீட்டுக்காரரு இப்ப எங்க அக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

"மூணு மாசம் செவுத்தப் பாத்துச் சோறு தின்னாரு. பெறகு ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன்னு குமுளி ஏறுனாரு. பத்து வருசமாச்சு. இன்னும் வேலை முடியல போல."

பல் தெரிந்தது. சிரித்தாளா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அது எந்திரிச்சு நிக்கும். அடிக்கிறதுக்கு நிக்கல, நீ யாருன்னு பாக்க நிக்குது. அதுக்குக் கண்ணு மட்டு, சரியாத் தெரியாது. ஒரு மூச்சு நேரம் நிக்கும். நெஞ்சுல வெள்ளையா வளைஞ்ச கோடு தெரியும், சுட வேண்டியது அங்கன. ஆனா அது மொகத்துக்கு நேரா நின்னு பாக்கணும். பாக்கப் பயந்தவனுக்குக் கண்ணு நகரும். கண்ணு நகந்தா கை நகரும். தப்பிப் போச்சா, ஓடாத. குப்புறப் படு. முதுகக் குடு, மொகத்தக் குடுக்காத. முதுகுக்குச் சட்டை போட்டுக்கலாம்."

மாப்பிள்ளைக்கு முதல் வாயிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நாலாவது வாயைத் தின்றவர் சற்று நிறுத்தி, "அக்கா, கருவாட்டுல உப்புக் கூட" என்றார்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருசத்துல ருசி சொன்ன மொத ஆளு நீங்கதான் தம்பி" என்றாள். எழுந்துபோய் மோர் கொண்டுவந்து ஊற்றினாள்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதல் வாய் எனக்கும் இறங்கவில்லை. அப்போதுதான் அந்தத் தோடு கண்ணில் பட்டது. சிவப்புக் கல் வெயிலில் நன்றாக மின்னியது. பார்வையை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு சிரமமும் இல்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கித் தின்றேன், குழம்பை வழித்து நக்கினேன். எதிரே இருக்கிறவளுக்கு நான் அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரிதானே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றாள். தெருவில் நடக்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளைக்குக் குமட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விடிந்து வெளுக்கிற நேரத்தில் ஓடைக் கரையில் இருந்தோம். பெரியப்பா மேலே பாறையில். நானும் மாப்பிள்ளையும் கீழே. இருபதடி தூரத்தில் கரடி கறையான் புற்றைப் பறித்துக்கொண்டிருந்தது. மண்ணை ஊதுவதும் உறிஞ்சுவதுமாக அது போட்ட சத்தத்தில் நாங்கள் வந்தது அதற்குக் கேட்கவில்லை. நான் ஒரு சருகை மிதித்தேன். அது நிமிர்ந்தது. எழுந்து நின்றது.

அவள் சொன்னபடியே எல்லாம் நடந்தது. நெஞ்சில் வெள்ளை தெரிந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றது. அந்த ஒரு மூச்சுக்குள் நான் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. கரடிக்கும் காது இருக்கிறது. பெரிய, மயிரடர்ந்த காது. அந்தத் தலையில் பார்க்கக்கூடியதாக எனக்கு இருந்தது அது ஒன்றுதான். கண் அங்கே போனது. கையும் போனது.

குண்டு காதைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு நான் பாறைக்குப் பின்னால் போனேன். ஓடினேன் என்று எழுதுவதுதான் சரி. மாப்பிள்ளை குப்புறப் படுத்திருக்கலாம், அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள். படுத்திருந்தால் அது அவரைத் தாண்டி என்னிடம் வந்திருக்கும். அவர் படுக்கவில்லை. அதன் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு வேல்கம்பை நீட்டி நின்றார். கம்பு ஒடிந்தது. பெரியப்பா பாறையிலிருந்து இறங்கி வந்து நெஞ்சில் வைத்துச் சுடுகிறவரைக்கும் மாப்பிள்ளை முகம் அதனிடம்தான் இருந்தது.

கம்பம் வரைக்கும் மாட்டு வண்டி, அங்கிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ். பெரியப்பாவும் தங்கச்சியும் கூடப் போனார்கள். கரடியை அவள் வாசலில் கிடத்துகிற வேலை எனக்கு வந்தது. ஊரே கூடியிருந்தது. கரடி சுட்டவன் என்று என்னைச் சொன்னார்கள். ஒருத்தர் என் தோளில் துண்டைப் போட்டார். பெரியப்பா ஊரில் இல்லை, மாப்பிள்ளைக்குப் பேச வாய் இல்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நான் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டேன்.

அவள் வெளியே வந்தாள். கரடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒங்க பெரியப்பாரு சுட்டது எங்கன?"

"நெஞ்சுல" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீ சுட்டது இதுவா?"

பிய்ந்து தொங்கிய காதை விரலால் தூக்கிக் காட்டினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அல்லது எப்போதும் போலச் சிரித்தாள். நிதானமாக வலது காதுக்குக் கையைக் கொண்டுபோய்த் திருகாணியைக் கழற்றினாள். தோட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"வச்சுக்க. ஒனக்குத்தான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சே."

அதுவரை அவளை நீங்கள் என்றுதான் கூப்பிட்டவன், "தெரிஞ்சும் என்னய எதுக்குப் போகச் சொன்ன?" என்று கத்தினேன்.

"இந்த மொகத்தோட ஊர்ல நான் ஒருத்தியாவே எத்தனை நாளைக்கு இருக்க? தொணைக்கு இன்னொரு ஆளு வேணாமா?" என்றாள். "நீயாத்தான் இருப்பேன்னு நெனச்சேன். தப்பிப் போச்சு."

இதை அவள் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவளைக் கொல்ல வேண்டும் என்று அன்று நினைத்தேன். ஓடியவன் நான், ஏமாற்றியவன் நான், ஆனால் கோபம் முழுவதும் அவள் மேல்தான் வந்தது. கோபப்பட அவள் கிடைத்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டரை மாதம் கழித்து மாப்பிள்ளை திரும்பி வந்தார். போடியில் அவர் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள். மறுபடி வரவில்லை. தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது வயது. சோற்றைக் கும்பாவில் போட்டு, அடுப்பங்கரை நிலையிலிருந்தே தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு மாப்பிள்ளை தாமாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று அவர் அப்படிச் செய்தார். தங்கச்சி உள்ளே உட்கார்ந்து அழுவது வாசல் வரைக்கும் கேட்கும். இந்தக் கல்யாணத்தை அறுத்துவிட்டு வேறு இடம் பார்க்கலாமா என்று அம்மா என்னிடம் கேட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் வந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவளைச் சொல்லிப் பிள்ளைக்குப் பயம் காட்டவில்லை. கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தோளைத் தட்டினாள்.

"திரும்புங்க தம்பி. ஊர்ல இப்ப நாம ரெண்டு பேராயிட்டோம்."

அவர் சிரித்தார். அந்த முகம் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதலில். பார்த்தது என்று சொல்வதைவிட, சத்தம் கேட்டது என்று சொல்லலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவருக்கு எதிரே உட்காரவைத்தாள். மடியில் ஒரு கும்பாச் சோற்றை வைத்தாள்.

"அழாத. அழுதா கண்ணு மறைக்கும். தொடச்சுட்டுப் பாரு. மொத மூணு வாய் இறங்காது."

முதல் வாயிலேயே தங்கச்சி வாந்தி எடுத்தாள். கட்டின புருஷன் கண்ணுக்கு எதிரே. அவர் தமக்கு மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவிட்டு வா" என்றாள் அவள். மறுபடி உட்காரவைத்தாள். மறுபடி வாந்தி. மாப்பிள்ளை, "விட்டுருங்கக்கா" என்று கெஞ்சினார். அம்மா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு ஈவு இரக்கமே கெடையாதா? சின்னப் புள்ளடி அது!"

"எனக்கும் அப்ப இந்த வயசுதான் ஆத்தா. இரக்கப்பட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு செவுத்தப் பாத்தாரு. இன்னும் ஒரு மாசம் இப்படியே விட்டா, இவளும் இரக்கப்பட்டுக்கிட்டே போயிருவா."

நான் முன்னால் போய், நானும் உட்கார்ந்து தின்கிறேன் என்றேன். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு. ஒனக்குச் சோறு இறங்கும், அதுல ஒண்ணும் கொறையில்ல. பாக்கத்தான் தெரியாது."

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

ஒன்பது நாள் வந்தாள். ஒன்பது நாளும் அதே நேரம், அதே இடம். தங்கச்சி இளைத்துத் துரும்பாகிவிட்டாள். அவளைத் திட்டினாள், கையைக் கடித்தாள், ஒரு நாள் கும்பாவைத் தூக்கி எறிந்தாள். வந்தவள் சிதறின சோற்றை அள்ளிப்போட்டுவிட்டு வேறு கும்பா கொண்டுவந்தாள். ஒன்பதாம் நாள் தங்கச்சி அவர் முகத்தைப் பார்த்தபடி நாலைந்து வாய் தின்றுவிட்டு, சாதாரணமாக, "கொழம்புல புளி கூடிப்போச்சு" என்றாள். இத்தனை நாள் வந்தவள் அதைக் கேட்டதும் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனாள். எங்கள் வீட்டுப் படியை அவள் பிறகு மிதிக்கவில்லை. தங்கச்சிக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா முகம் அப்பா முகமாகத்தான் இருந்தது.

அடுத்த சித்திரையிலிருந்து, முதன்முதலாகக் கரடி சுடப் போகிறவன் அவள் வீட்டுக்குப் போனால் எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். அந்த மத்தியானங்களில் மாப்பிள்ளை போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவள் காதில் தோடு இல்லை. பார்வையை ஒளித்துவைக்க அங்கே ஒரு இடமும் இல்லை. அவள் அதே பேச்சைப் பேசுவாள், விட்டுப்போனதை அவர் எடுத்துக் கொடுப்பார். அந்த இரண்டு முகத்துக்கும் எதிரே நாலு வாய் தின்றவன் ஒருத்தன்கூட இல்லை. எங்கள் பக்கத்துக் கரடிகள் கொஞ்ச காலம் நிம்மதியாக இலுப்பைப் பூ தின்றன. அவளுக்கு வேண்டியிருந்தது ஆதியிலிருந்தே இதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டிருந்தால் பல்லைக் காட்டியிருப்பாள்.

மாப்பிள்ளையும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே வயலில் இறங்கினோம். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன், எதிரே உட்கார்ந்ததில்லை. ஓடைக் கரையில் நடந்தது பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "மச்சான், நீங்க ஏன் ஓடுனீக?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

உலகச் சண்டை நடந்த காலத்தில், அரிசிக்கு ரேஷன் வந்த பிறகு, அவள் மலைக்காய்ச்சலில் செத்துப்போனாள். உறவு என்று யாரும் இல்லை. கொள்ளி வைக்கிறேன் என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார். பாடையில் கிடத்தும்போது பெண்கள் புதுத்துணியால் அவள் முகத்தை மூடிவிட்டார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அவர்களால் முடியாத காரியம்.

சுடுகாட்டில் வெட்டியான், வாய்க்கரிசி போடுகிறவர்கள் வரலாம் என்றார். மாப்பிள்ளை துணியை எடுத்துவிட்டார். ஆண்கள் வரிசையாகப் போனோம். எனக்கு முன்னால் போனவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். ஒருத்தர் மலையைப் பார்த்துக்கொண்டு போட்டார். பெரியப்பா கால்மாட்டைப் பார்த்துக்கொண்டு போட்டார். வாயைத் திறக்கவேண்டிய அவசியம் இல்லாத ஒரே பிணம் அதுவாகத்தான் இருக்கும், இருந்தும் பாதி அரிசி மண்ணில் கிடந்தது.

நான் பார்த்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனேன். இனிமேல் அவள் எழுந்து நிற்கப் போவதில்லை, என்னை எடைபோடப் போவதில்லை. முகத்துக்கு நேராகக் குனிந்தேன். ஒரு தடவை போட்டேன். இரண்டாவது தடவை போட்டேன். மூன்றாவது தடவை கையை விரித்த பிறகுதான், நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தோடு இல்லாத அந்த வலது காது. மூன்று தடவை போட்ட அரிசியும் அதன் குழியில்தான் கிடந்தது.

"இன்னொரு தடவை" என்றேன்.

"மூணுதான் சாமி. மூணு ஆச்சு, தள்ளுங்க" என்றார் வெட்டியான்.

நான் தள்ளி நின்றேன். மாப்பிள்ளை என்னைத் தாண்டிப் போய், அவள் தலைமாட்டில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். காதுக் குழியில் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவள் வாயில் போட்டார்.